இருபத்தாறு மாதங்கள்

கடன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள், இந்த நாற்காலியில் எது கஷ்டம் என்று. படிவங்கள் ஆறு மாதத்தில் பழகிவிடும், கை தானாக எழுதும். வட்டிக் கணக்கும் அப்படித்தான். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்பதைக் காதில் வாங்குவது இருக்கிறதே, அது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்தும் சந்தேகமாகத்தான் இருந்தது. அதில் ஒருமுறை மோசமாகத் தவறினேன். அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு முப்பத்திரண்டு வயது. தொழிலாளர்களின் கடன் சங்கத்தில் நான் மூன்றாவது மேஜை. நெய்வேலி ஷிப்ட் ஊர் என்பதால் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் படுப்பதால் மதிய வேளையில் ப்ளாக் தெருக்களில் நாங்கள் சைக்கிள் மணிகூட அடிக்க மாட்டோம். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருக்கும். நிலக்கரி கொண்டுபோகும் மைன்ஸ் கன்வேயரின் இரைச்சல் தூரத்தில் கடல் மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். முந்திரி பூக்கிற மாதங்களில் அந்த வாசனை வேறு சேர்ந்துகொள்ளும். ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதும்போதுகூட பாதி விழிப்பில் இருக்கிற மாதிரி ஒரு மயக்கம். என் தவறில் அந்த மயக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று பிறகு நினைத்திருக்கிறேன்.

கோமதியை நான் பார்ப்பதற்கு முன்பே இரண்டு வருஷமாக அவர் குரலைத் தெரியும். டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். போனை எடுத்தால் “எக்ஸ்சேஞ்ச், சொல்லுங்க” என்று ஒரு குரல் வரும். அவசரமே இல்லாத குரல். எந்த எண் கேட்டாலும் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு இணைப்புக் கொடுப்பார். அந்தக் குரலுக்கு நானாகவே ஒரு முகம் வைத்திருந்தேன். ஒரு நாள் கையில் சம்பளச் சீட்டோடு கவுண்ட்டரில் ஒரு பெண் வந்து நின்று, “சார், இதுல ஒரு பிடித்தம் போட்டிருக்கு, என்னதுன்னு தெரியலை” என்று அதே குரலில் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தேன். நான் வைத்திருந்த முகம் இல்லை அது. மெலிந்த, நெற்றியில் சிறிய பொட்டு வைத்த, முப்பதை எட்டாத ஒரு பெண்.

அந்தப் பிடித்தத்தை எழுதியவன் நான்தான். கணவர் நாச்சிமுத்து வாங்கிய கடனுக்கு அவர் ஜாமீன். நாச்சிமுத்து கன்வேயரில் மெக்கானிக், ஈரோட்டுப் பக்கத்துக்காரர். மூன்று மாதமாகச் சம்பளமில்லா விடுப்பு. தவணை பிடிக்க அவர் சம்பளத்தில் ஒன்றும் இல்லாததால் விதிப்படி ஜாமீன்தாரரின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கடிதம் போய்விட்டது. நூறு பேருக்குப் போகிற கடிதம். பெயரை எழுதும்போது அது யாரென்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய சிறிய கடனுக்குத்தான் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார் கோமதி. அந்தக் கடனை முடித்து, அதன் காகிதம்தான் என்று சொல்லி இவரிடம் கையெழுத்து வாங்கி, அதைப்போல மூன்று மடங்குக்குப் புதுக்கடன் வாங்கியிருந்தார் நாச்சிமுத்து. பண்ருட்டியில் ஒரு சிநேகிதனோடு கூட்டாக முந்திரிக்கொட்டை வாங்கி உடைத்து விற்கிற வியாபாரம். சிநேகிதன் ஒரு சீசன் முடிவில் சரக்கையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனைத் தேடித்தான் மூன்று மாத விடுப்பு. கோமதியின் நகைகளும் அவருக்குத் தெரியாமலே அடகுக்குப் போயிருந்தன. டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் வட்டிக்கு விடுகிற ஒரு கடைக்காரரிடமும் நாச்சிமுத்து கடன் வாங்கியிருந்தார். வீட்டில் இது எதுவும் தெரியாது. ஒவ்வொரு நாளும் டூட்டிக்குப் போகிற மாதிரி டிபன் கேரியரோடு கிளம்பிப் போயிருக்கிறார்.

கோமதி அந்தப் பத்திரத்தை வெகுநேரம் பார்த்தார். “கையெழுத்து என்னதுதான்” என்றார். சம்பளச் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, நாச்சிமுத்து மறுபடி வேலையில் சேர்ந்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். பிரிந்துவிடுவது என்று முடிவு செய்து கடலூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள். வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவு, லீவு போட்டால் சம்பள வெட்டு என்று அவர் அடுக்கிய செலவு இவர்கள் கைக்கு எட்டாததாக இருந்திருக்கிறது. அதோடு, தீர்ப்பே கிடைத்தாலும் ஜாமீன் கையெழுத்து அப்படியேதான் இருக்கும் என்றும் அவர் சொல்லிவிட்டார். குவார்ட்டர்ஸ் நாச்சிமுத்து பெயரில். கோமதி வெளியே வந்தால் மந்தாரக்குப்பத்தில் வாடகை, அட்வான்ஸ் என்று அவர் சம்பளத்தில் பாதி போய்விடும்.

அதனால் கடன் முடியும்வரை ஒரே வீட்டில் இருப்பது, முடிந்த பிறகு பிரிவது. அவர் சம்பளம் கடனுக்கு, இந்தம்மா சம்பளம் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு. இதையெல்லாம் நாச்சிமுத்துதான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. மனைவியைப் பற்றிப் பேசும்போது “அவங்க” என்றார். முன்பெல்லாம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது.

கோமதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எத்தனை மாசம் சார்?”

பார்த்துச் சொன்னேன். இருபத்தாறு.

அவர் விரல்களை மடக்கி எண்ணினார். “சரி” என்றார்.

அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு காகிதத்தில் நாச்சிமுத்துவின் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அவர் நைட் ஷிப்ட் என்பதால் நானே மதியம் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். லேசான தூறல் விட்டு வெயில் வந்திருந்தது. செம்மண்ணிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை. கோமதி கதவைத் திறந்து, விரலை உதட்டில் வைத்து உள்ளே கூப்பிட்டார். அடுக்களையில் ஒரு கரி உருண்டை அடுப்பும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் தனித்தனியாக இருந்தன. மேடையில் ஒரு தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. இருவரும் டூட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு முடிந்தவரை ஒருவர் இருக்கும்போது மற்றவர் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆபீஸில் கேள்விப்பட்டிருந்தேன். நான் போனது அந்தம்மா கிளம்புகிற நேரம். பின்பக்க வராந்தாவில் கயிற்றுக் கட்டிலில் நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். மேகம் விலகி அவர் முகத்தில் வெயில் விழுந்தது. கோமதி ஒரு பழைய புடவையை எடுத்துக் கம்பியில் போட்டு, அந்த வெயிலை மறைத்தார். சத்தமே இல்லாமல், யோசிக்காமல் செய்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். நான் காகிதத்தை மேடையில் வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்தப் புடவை என்னை என்னவோ செய்துவிட்டது. இவர்கள் பிரிய வேண்டியவர்களே இல்லை, பணம்தான் நெருக்குகிறது, நெருக்கம் தளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் முடிவு கட்டிவிட்டேன். தவணைக் காலத்தை நீட்டிக்க ஒரு விதி உண்டு. பணம் புதிதாகக் கொடுக்காததால் ஜாமீன்தாரர் கையெழுத்து தேவையில்லை என்பது அப்போது எங்கள் வழக்கம். ஒரு விண்ணப்பம் எழுதினேன். நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். மாதத்தவணை பாதியாகக் குறையும் என்றதும் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கமிட்டியில் வாதாடி வாங்கினேன். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்ட நிறைவோடு அன்று வீட்டில் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

இருபத்தைந்து மாதமாக இருந்தது நாற்பத்தெட்டு ஆயிற்று.

பத்து நாள் கழித்து கோமதி வந்தார். கவுண்ட்டரில் நிற்கவில்லை, நேராக என் மேஜைக்கு வந்தார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் பேசிப் பேசி ஒரு பொதுத் தமிழ் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் அவர் பேசுவதும் அதுதான். அன்றைக்கு அவருடைய திருநெல்வேலி வெளியே வந்துவிட்டது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீயளா?”

மாதம் கட்ட வேண்டியது பாதியாகக் குறைந்திருக்கிறதே என்று நான் இழுத்தேன்.

“நான் ரூவாயவா எண்ணிக்கிட்டு இருந்தேன்? மாசத்தைல்லா எண்ணுனேன். நீங்க பாட்டுக்கு ரெண்டு வருசத்தைக் கூட்டி வச்சிருக்கீய.”

என்ன நினைத்தேனோ, அந்த மதியத்தைப் பற்றி, புடவையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அந்தம்மா என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார்.

“தூங்குற மனுசன் மேல வெயில் பட்டா யாரும்தான் திரை போடுவாங்க சார். அதுக்காக அவங்களோட வாழணும்னு இருக்கா?” கொஞ்சம் நிறுத்தி, “எனக்குத் தெரியாம கையெழுத்து வாங்கி அவங்க ஒரு காரியம் செஞ்சாங்க. நீங்களும் அதையேதான் செஞ்சிருக்கீங்க” என்றார்.

அவர் போன பிறகு அந்த விண்ணப்பத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். நல்ல எண்ணத்தில் செய்தது என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் அந்தக் கடைசி வாக்கியம் அப்படியே நின்றது.

எங்கள் செயலாளர் கண்டிப்பானவர். கமிட்டி ஒருமுறை நிறைவேற்றியதை மறுமாதமே மாற்று என்று கேட்டால் தணிக்கையில் என்ன பதில் சொல்வது என்பார். அப்போது எனக்கு ஒரு பதவி உயர்வு வரிசையில் இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். “எழுதிக்கொண்டு வா” என்றார். எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு ஒரு சொல்லை விரலால் தொட்டார்.

“கவனக்குறைவுன்னு போட்டிருக்கே. நீ கவனமாத்தான் செஞ்சே. தப்புன்னு எழுது.”

திருத்தி எழுதினேன். கமிட்டியில் அரை மணி நேரம் நின்றேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் திட்டினார். பழைய தவணைக்கே உத்தரவாயிற்று. என் பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

உத்தரவு வந்த அன்று எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து கோமதியிடம் சொன்னேன். “சரிங்க சார்” என்றார், பழைய நிதானக் குரலில். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் நான் ஏதாவது எண் கேட்டுப் போனை எடுக்கும்போது, இணைப்புக் கொடுப்பதற்கு முன் ஒரு நொடி நிறுத்தி, “எத்தனை சார்?” என்பார். நான் எண்ணைச் சொல்வேன். இருபத்துமூன்று. இருபத்திரண்டு. இருபத்தொன்று. அவ்வளவுதான் பேச்சு. மார்கழிப் பனியில் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரியாத காலையிலும், ஆடிக்காற்றில் செம்மண் பறக்கும் மதியத்திலும் அந்தக் குரல் வரும், நான் ஒரு எண் சொல்வேன், லைன் கிடைக்கும்.

பதினேழு சொன்ன மாதத்தில் போனஸ் வந்தது. போனஸ் நாளில் சங்கத்தின் வாசலில் என்ன கூட்டம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர் காலையிலேயே வந்து வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றுவிட்டார். நாச்சிமுத்து கவருடன் உள்ளே நுழைந்ததும் அவரும் பின்னாலேயே வந்தார். “காலையிலேர்ந்து நின்னுகினு இருக்கேங்க. வட்டி ஏறிக்கினே போவுது, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சொன்னது பொய்யும் இல்லை. அவருடைய வட்டி எங்கள் வட்டியைப்போல மூன்று பங்கு.

நாச்சிமுத்து கவரை என் மேஜையில் வைத்துவிட்டு, “எதைக் கட்டறதுங்க?” என்று கேட்டார்.

பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். கணக்குத் தெரிந்த யாரும் வட்டி அதிகமுள்ள கடனை முதலில் முடி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், சரியான பதில்தான். ஆனால் ஒருமுறை சூடு பட்டவன் நான். கடைக்காரரை வெளியே இருக்கச் சொன்னேன். இரண்டு கடனிலும் எது கட்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சங்கத்தில் கட்டினால் எட்டு மாதம் குறையும். வெளியே கட்டினால் அந்தக் கடன் ஏறக்குறைய முடிந்துவிடும், மாதாமாதம் வட்டிக்குப் போவது கையில் நிற்கும்.

“உங்களுக்கு எது முடியணும்?” என்று கேட்டேன்.

அவர் தாளைப் பார்க்கவேயில்லை. “அவங்க பேரு எதுல இருக்குதுங்களோ, அதுங்க” என்றார்.

ரசீது போட்டுக் கொடுத்தேன். அவர் வெளியே போய்க் கடைக்காரரிடம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மறுவாரம் நாச்சிமுத்துவின் சைக்கிளும் ரேடியோவும் மந்தாரக்குப்பம் போய்விட்டன. அதற்குப் பிறகு மைன்ஸ் பஸ் நிற்கிற இடத்துக்கு அவர் நடந்துதான் போனார். அந்தக் கடனைக் கட்டி முடிக்க அவருக்கு மேலும் நாலு வருஷம் ஆயிற்று. அது அவருக்குத் தெரிந்தேதான் நடந்தது.

அடுத்த மாதம் போனை எடுத்தேன். “எத்தனை சார்?”

“எட்டும்மா.”

“தப்பாப் பாத்துட்டீங்களா?”

“இல்லம்மா. எட்டுதான்.”

“யாரு கட்டுனது?”

“அவர்தான். போனஸை அப்படியே கட்டிட்டார்.”

லைனில் யாரோ வேறொரு ஆபரேட்டர் தூரத்தில் ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்வேயர் சத்தம் என் ஜன்னலில் கேட்கிறதா, போனுக்குள் கேட்கிறதா என்று தெரியவில்லை. பிறகு, “லைன் தர்றேன்” என்றார்.

கடைசித் தவணை முடிந்ததும் பத்திரத்தில் ரத்து முத்திரை வைத்து ஜாமீனை விடுவித்தேன். இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். கோமதி தன் பெயர் இருந்த ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தார். வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருந்த அவருக்கு அந்த மாதமே வேறு ப்ளாக்கில் சிறிய குவார்ட்டர்ஸ் ஒன்று கிடைத்தது. ஒரு கைவண்டியில் சாமான்கள் போயின.

நான் எதிர்பார்த்தது என்ன என்று உங்களிடம் மறைப்பானேன். இனி கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போனஸ் கதைக்குப் பிறகு யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அந்தம்மா அடுத்த ஒரு வருஷம் வக்கீல் செலவுக்குச் சேமித்தார், நாச்சிமுத்துவும் முடிந்ததைச் சேர்த்தார். இருவரும் சம்மதித்து மனுப் போட்டார்கள். இரண்டாவது முறை ஆஜராகும்போது இவர்களைத் தெரிந்த ஒருவர் வந்தால் நல்லது என்று வக்கீல் சொன்னாராம். என்னைக் கூப்பிட்டார்கள். லீவு போட்டுக் கடலூர் போனேன்.

வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றார் கோமதி. நாச்சிமுத்து கொஞ்சம் தயங்கி, இல்லைங்க என்றார்.

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே பஸ். வேறு பஸ்ஸுக்குக் காத்திருக்க யாருக்கும் தோன்றவில்லை. கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்து, குறிஞ்சிப்பாடி வருவதற்குள் தூங்கிவிட்டார். நானும் நாச்சிமுத்துவும் பின் சீட்டில் இருந்தோம். கண்டக்டர் வந்தபோது அவர் மூன்று டிக்கெட் எடுத்தார். வெளியே சாயங்கால வெயில் வயல்களில் மஞ்சளாகப் படுத்திருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அதற்குள் கற்றிருந்தேன்.

வடலூரில் பஸ் நின்ற குலுக்கலில் கோமதி விழித்தார். பர்ஸைத் திறந்தபடி திரும்பி, “டிக்கெட் எவ்வளவு?” என்றார். நாச்சிமுத்து சொன்னார். அந்தம்மா சில்லறையை எண்ணி உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். நாச்சிமுத்து கையை நீட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பஸ் கிளம்பியது. காசு கொஞ்ச நேரம் கோமதியின் கையிலேயே இருந்தது.

பிறகு அதைத் திரும்பப் பர்ஸில் போட்டு மூடினார்.

“இருக்கட்டும்” என்றார்.

“சரிங்க” என்றார் நாச்சிமுத்து.

கோமதி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். டவுன்ஷிப் ஆர்ச் வந்ததும் மூன்று பேரும் இறங்கி, மூன்று பக்கமாக நடந்தோம்.